மரத்தடியில் நின்ற மூன்றாவது சிவிங்கி

மகன், நீ ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வியைக் கேட்கிறாய், நான் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக ஒரு பொய் சொல்கிறேன். அண்ணா ஏன் போன் எடுக்கிறான் இல்லை என்று முதலில் கேட்டாய். வேலை கூடிப்போச்சு என்றேன். அடுத்த கிழமை அவனுக்குத் தடிமன், காய்ச்சல் என்றேன். போன கிழமை அவனுடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று நான் சொல்ல, பக்கத்தில் இருந்த அப்பா எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார். நீ நமீபியாவில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் என்று ஜீப்பின் கூரைமேல் ஏறி நின்று கதைக்கிறாய். நான் சுவிஸில், பாடனில் சூடான வீட்டுக்குள் சோபாவில் சாய்ந்துகொண்டு உனக்குக் கதை அளக்கிறேன். உன் கலியாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அண்ணா ரமணன் உனக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கமாட்டான் என்று நீ வேறு யாரிடமாவது கேள்விப்படுவதைவிட, அதற்குக் காரணம் நான்தான் என்று நானே எழுதிவிடுகிறேன். முதியோர் இல்லத்து வேலையில் என் கைகள் எத்தனையோ அழுக்கைக் கழுவியிருக்கின்றன, ஒருநாளும் கூசியதில்லை. இதை எழுதக் கூசுகிறது.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். ரமணன் என் வயிற்றில் பிறந்தவன் இல்லை. என் தங்கையின் மகன். அவளும் கணவரும் ஒரே ஷெல்லடியில் போய்விட, கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் நின்ற பிள்ளையை அப்பாதான் அலைந்து திரிந்து இங்கே எடுப்பித்தார். நீ அப்போது நான்கு வயதுப் பொடியன். அவன் உன்னைவிட இரண்டு வயது மூத்தவன். விமான நிலையத்தில் அவன் யாரையும் பார்க்கவில்லை. நீ கையில் வைத்திருந்த பாதி கடித்த பிஸ்கட்டை அவனிடம் நீட்டினாய், அதை வாங்கித் தின்றான். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டீர்கள். உங்களை எங்கே தேடினாலும் ஒன்றாகத்தான் கண்டுபிடிப்போம். கடைக்குக் கூட்டிப்போனால் ஒருவன் காணாமல் போன அடுத்த நிமிடம் மற்றவன் நின்ற இடத்தில் நின்று கத்துவான். கிண்டர்கார்ட்டன் ரீச்சர் உன்னைத் தனியாக இருந்து பழக விடவேண்டும் என்று எனக்கு நீண்ட நேரம் விளங்கப்படுத்தினார். நான் எல்லாவற்றுக்கும் யா, யா என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஒன்றும் செய்யவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

உன்னைச் சிவிங்கிப் பைத்தியம் ஆக்கியவனும் அவன்தான். மிருகக்காட்சிச்சாலையில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் படுத்துக் கிடந்ததைப் பார்த்து நீ சிறுத்தை என்றாய். அவன் பலகையில் இருந்த டொச் பாஷையை எழுத்துக் கூட்டி வாசித்து, இது கெபார்ட், சிவிங்கிப்புலி, வேறை சாமான் என்று சொல்லி, அதன் கண்ணிலிருந்து வாய்வரை ஓடுகிற கறுப்புக் கோட்டைக் காட்டினான். வீடு வரும்வரை இரண்டு பேரும் முகத்தில் என் மைப்பென்சிலால் கோடு கீறிக்கொண்டு வந்தீர்கள். பிறகு அவன் கட்டடங்களுக்கு லிப்ட் பூட்டுகிற வேலைக்குப் பழகப் போனான், நீ கிம்னாசியம் என்கிற மேல்பள்ளிக்கூடம் போனாய், பல்கலைக்கழகம் போனாய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டாய். மகன் என்ன செய்கிறார் என்று கோயிலில் கேட்பவர்களிடம் நான் புலி ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு, அவர்கள் குரலைத் தாழ்த்தி அருகில் வந்ததும், ஐயோ இது காட்டுப் புலி என்று சொல்லவேண்டியிருந்தது. ரமணன் மட்டும் நீ எழுதிய எல்லாவற்றையும் வாசித்தான். ஒரு வேட்டையில் எத்தனை முறை அது தோற்கும், பிடித்ததைச் சிங்கமும் கழுதைப்புலியும் எப்படிப் பறித்துக்கொண்டு போகும் என்று சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பாடம் எடுப்பான்.

போன வருடம் நானும் அப்பாவும் உன்னைப் பார்க்க வந்தோமே, அந்த மரத்தை நான் மறக்கவில்லை. பெரிய மரம் என்றுகூடச் சொல்லமுடியாது. சாய்ந்த அடிமரம், ஏறிப் படுக்கத் தோதான கிளை. ஆண் சிவிங்கிகள் இந்த மரத்துக்குத்தான் வந்து மணம் வைத்துவிட்டுப் போகும், யார் வந்தார் யார் போனார் என்று மற்றவை மோந்து தெரிந்துகொள்ளும் என்றாய். இதென்ன கோயில் நோட்டீஸ் போர்ட்டோ என்று அப்பா கேட்டார். நாங்கள் ஜீப்புக்குள் மூச்சுவிடாமல் இருந்தோம். நெடுநேரத்துக்குப் பிறகு இரண்டு ஆண் சிவிங்கிகள் வந்தன. வந்தவை படுக்கவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்தன, கூப்பிட்டன. நான் மரத்தில் ஏதோ குருவி கத்துகிறது என்று நினைத்தேன். நீதான் அது அவற்றின் குரல் என்று காட்டினாய். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அப்படியொரு கீச்சுக் குரல் வரும் என்று யார் நினைப்பார்கள். கூப்பிடக் கூப்பிட மூன்றாவது புல்லுக்குள்ளிருந்து வந்தது. மூன்றும் முகத்தை முகத்தோடு உரசி, ஒன்றையொன்று நக்கிக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தன.

அப்போதுதான் நீ எனக்கு அவற்றின் குடும்பக் கதையைச் சொன்னாய். பெண் தனியாகவே திரியும், தனியாகவே குட்டிகளை வளர்க்கும். பெரும்பாலான குட்டிகள் உலகத்தைக் கண் நிறையப் பார்க்கும் முன்னமே செத்துப்போகும். மிஞ்சியவை வளர்ந்து ஒன்றரை வயதாகும்போது ஒருநாள் தாய் எழும்பிப் போய்விடும், திரும்பி வராது. என்ன தாய் அது என்று நான் உன்னோடு சண்டைக்கு வந்தேன். நீ சிரித்துக்கொண்டு, அது பிள்ளைகளை ஒன்றாக விட்டுவிட்டுத்தான் போகிறது என்றாய். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாம் கொஞ்சக் காலம் சேர்ந்து தட்டுத்தடுமாறி வேட்டையாடும், பிறகு பெண்கள் தங்கள் வழியில் போவார்கள், ஆண்கள் சாகும்வரை பிரியமாட்டார்கள் என்றாய். அப்படியானால் இந்த மூன்றும் ஒரு தாயின் பிள்ளைகளா என்று கேட்டேன். இரண்டு மட்டும்தான், ஒன்று எங்கிருந்தோ தனியாக வந்து சேர்ந்தது என்றாய். எது என்று நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.

“பாத்தாத் தெரியாதம்மா. எச்சத்தை எடுத்து லாபிலை பாத்துத்தான் எங்களுக்கே தெரியும். அதுகள் அதைக் கணக்கெடுக்கிறேல்லை” என்றாய்.

திரும்பும் வழியில் வேலிகளைக் காட்டினாய். ஒருகாலத்தில் ஆப்பிரிக்கா முழுக்கவும், அரபுநாடு தாண்டி இந்தியா வரைக்கும் ஓடித்திரிந்தது இன்று உலகம் முழுவதும் சேர்த்துச் சில ஆயிரம்தான் என்றாய். வனப் பூங்காக்களுக்குள் சிங்கம் விடாது என்பதால் மிஞ்சியவற்றில் பெரும்பங்கு விவசாயிகளின் காணிகளில்தான் ஒண்டிக்கொண்டு இருக்கின்றன. கன்றைப் பிடிக்கிறது என்று சுடுகிறார்கள். ஆனால் மணம் வைக்கிற மரத்தைச் சுற்றித்தான் இழப்பு அதிகம், பசுவையும் கன்றையும் அந்த மரத்துக்குத் தூரமாகக் கட்டினாலே போதும் என்று நீ வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாய். அதைவிட உன்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. எப்போதோ ஒருகாலத்தில் அவை அருகிப்போய், மிஞ்சிய கொஞ்சம் தங்களுக்குள்ளேயே சேர்ந்து பெருகியதால் எல்லாவற்றின் இரத்தமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது, ஒரு நோய் வந்தால் தாங்காது என்றாய். எங்கடை ஆக்கள் மாதிரித்தான் என்று சொல்லி அப்பா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ரமணனும் வந்திருக்கலாம், அவனுக்கு லீவு கிடைக்கவில்லையே என்று அன்றிரவு சாப்பிடும்போது எல்லோரிலும் அதிகமாகக் கவலைப்பட்டவளும் நான்தான்.

இனி ஆரணி வீட்டார் இருக்கிற ஷாஃப்ஹவுசனுக்கு வருகிறேன். நீயும் ஆரணியும் நீங்களாகவே விரும்பி முடிவெடுத்தபிறகு, பெரியவர்கள் முறைக்குப் போய்க் கதைக்கவேண்டும் என்று நானும் அப்பாவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். காரை ஓட்டி வந்தவன் ரமணன். காலையிலேயே வந்து, பலகாரத் தட்டுகள் சரியாதபடி பின்சீட்டில் துவாய் விரித்து அடுக்கியவனும் அவன்தான். தம்பிக்குப் பொம்பிளை பார்க்கப் போகிறேன் என்று புதுச் சேர்ட் போட்டிருந்தான். எங்களை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போனான். நாங்கள் மேலே போய் உட்கார்ந்தோம். ஆரணியின் அம்மா நல்ல மனுசி. வந்ததும் வராததுமாகத் தேத்தண்ணி, வடை என்று ஓடித்திரிந்தார். ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு என்னிடம் கேட்டார்.

“கார் கொண்டுவந்தவர்தான் மூத்த மகனோ அக்கா?”

ஓம் என்ற ஒரு சொல் போதும். அப்பா வாயைத் திறக்கும்முன் நான் முந்திக்கொண்டேன். “இல்லை இல்லை, அவர் தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளை. எங்களோடை நிண்டு வளந்தவர்.” வாய் கூசாமல் சொன்னேன், மகன். சொல்லிவிட்டுத் திரும்பினால் அறைவாசலில் ரமணன். கீழ்க்கதவு திறந்து கிடந்திருக்கவேண்டும். ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தான், மற்றது காலில் இருந்தது, இரண்டு கையிலும் தட்டுகள். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தட்டுகளை மேசையில் வைத்தான், வணக்கம் சொன்னான், கார் சரியான இடத்தில் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கீழே போனான். நாங்கள் அங்கே இருந்த அவ்வளவு நேரமும் அவன் மேலே வரவில்லை. ஆரணியின் அப்பா போய்க் கூப்பிட்டபோதும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறான். நான் வடை தின்றுகொண்டு கலியாண மண்டபம் பற்றிக் கதைத்தேன்.

வரும்போது அவன் வழமைபோல வானொலி போட்டான், அப்பாவிடம் காருக்குள் சூடு போதுமா என்று கேட்டான். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. காதில் விழவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பாடனில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, வெறும் தட்டுகளை எடுத்து என் கையில் தந்தான். ஆறு வயதிலிருந்து என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்ட பிள்ளை, கோபமோ குத்தலோ இல்லாமல், “வாறன் அன்ரி” என்று சொல்லிவிட்டுப் போனான். கோயிலில் காண்கிற எல்லாப் பெண்களும் அவனுக்கு அன்ரிதான். நான் தட்டுகளோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் தங்கை விரும்பிக் கலியாணம் முடித்தவர் எங்கள் பகுதி ஆள் இல்லை. பகுதி என்று மென்று விழுங்காமல் சொன்னால், சாதி. அவர் வீட்டுப் படியை எங்கள் வீட்டார் மிதிக்கவில்லை, தங்கை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் அப்போது சுவிஸில் இருந்தேன், எனக்கு யாரும் தடை போடவில்லை. ஆனாலும் அவளோடு ஒருமுறைகூடக் கதைக்கவில்லை. பிள்ளை பிறந்தது என்று தெரிந்தும் கதைக்கவில்லை. பிறகு அவள் இல்லை. ரமணனை நான் பாசமாகத்தான் வளர்த்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் ஷாஃப்ஹவுசனில் அந்த ஒரு நொடியில், மூத்தவரோ என்றால் இல்லை தங்கையின் மகன் என்று சொல்லவேண்டும், தங்கை என்றால் எங்கே முடித்தார் என்பார்கள், யாரை என்பார்கள், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று போகும், உன் கலியாணம் குழம்பும் என்று என் தலைக்குள் ஒரு பெரிய விசாரணையே நடந்து முடிந்துவிட்டது. அந்த மனுசி கேட்டது ஒன்றே ஒன்று. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும், பலபேர் முன்னால் பதில் சொல்லவேண்டி வரும். ஒருவரும் கேட்காத கேள்விக்குப் பயந்து பதில் சொல்லாதே, மகன். அந்தச் சிவிங்கித் தாய் போகும்போது பிள்ளைகளை ஒன்றாக விட்டுவிட்டுப் போகிறது. நான் வீட்டுக்குள் இருந்துகொண்டே பிரித்துவிட்டேன்.

இதைவிடக் கேவலம் பிறகுதான் வந்தது. கொஞ்ச நாளில் ஆரணியின் அம்மா போன் எடுத்து, தோழனுக்குத் தலைப்பாகை எந்த நிறம், ரமணன் தம்பியின் அளவு என்ன என்று கேட்டார். என்னால் மழுப்ப முடியவில்லை. நேரே வந்து கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவிடமும் சொல்லாமல் ரயிலேறி ஷாஃப்ஹவுசனுக்குப் போனேன். அவரையும் கணவரையும் இருத்தி வைத்து, ரமணன் என் சொந்தத் தங்கையின் பிள்ளை, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன். தங்கை வேறு இடத்தில் முடித்தவள் என்பதையும் சொன்னேன். ஆரணியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்களுக்கு முதலே தெரியுமக்கா. உங்கடை மகன் ஆரணிக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார், அண்ணா அண்ணா எண்டுதானே எந்த நேரமும் கதை. தெரிஞ்சபடியாத்தான் நான் மூத்த மகனோ எண்டு கேட்டனான். நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு.”

நான் பொய் சொல்லும்போது அது பொய் என்று தெரிந்துகொண்டே எனக்கு வடை பரிமாறியிருக்கிறார்கள். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தங்கையின் கலியாண விசயம் உனக்கு எப்படித் தெரிந்தது, ரமணன் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு மறைத்து நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வருடம் அதைச் சாதாரணமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறீர்கள். ஒளித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். இங்கே யாருக்கும் அது தேவைப்படவே இல்லை.

அடுத்த நாள் பூம்ப்ளிஸில் ரமணனின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, வாங்கோ என்றான், ஜக்கெற்றை வாங்கிக் கொளுவினான், தேத்தண்ணி போட்டுத் தந்தான். சீனி எவ்வளவு என்று கேட்டான். அவனுக்குத் தெரியாததா அது. நீ எடுத்த அந்த மூன்று சிவிங்கிகளின் படம் பெரிதாகச் சுவரில் தொங்கியது. தம்பியின் போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். எடுத்தால் சொல்லவேண்டி வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் ஏன் வரவேண்டும் என்றான். கலியாணத்துக்கு வருவேன், ஆட்களோடு ஆளாகப் பின்னால் இருப்பேன், நான் தோழனாக முன்னால் வந்து நின்றால் நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும், உங்களுக்குத்தான் மானக்கேடு என்றான். என் பொய்யைக் காப்பாற்றத்தான் அந்தப் பிள்ளை உன்னை விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறான். நான் அழுதுகொண்டு, ஷாஃப்ஹவுசனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான்.

“அம்மான்ரையும் அப்பான்ரையும் பேரைச் சொன்னனீங்களோ?”

இல்லை. தங்கை என்றேன், வேறு இடம் என்றேன், முடித்தவர் என்றேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அந்த இரண்டு பெயரும் என் வாயில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அவன் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவனுக்கு முன்னால் நான் அவற்றைச் சொன்னதில்லை. அவனுக்கு நோகும் என்று சொல்லாமல் விடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். எனக்குத்தான் வாய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தான்.

நீ அவனிடம் பேசி அவனைச் சம்மதிக்கப் பண்ணாதே, மகன். நீ கேட்டால் அவன் உனக்காக வந்துவிடுவான், நான் தப்பிவிடுவேன். மண்டபத்தில் மைக் இருக்கும். மாப்பிள்ளை வீட்டாரை அறிமுகப்படுத்தும்போது அப்பாவுக்குப் பதிலாக நான் பேசுகிறேன் என்று கேட்டிருக்கிறேன். ஆரணி வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். அதற்குமுன் இந்தக் கடிதத்தை உனக்கும், அவனுக்கும், நம் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்புகிறேன். அவன் முன்னால் வந்து நிற்பானா, பின்வரிசையில் இருப்பானா, வராமலே விடுவானா என்று எனக்குத் தெரியாது. என்னை மறுபடி பெரியம்மா என்று கூப்பிடுவானா என்றும் தெரியாது, கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. என் தங்கையின் பெயர் சிவமலர். அவளுடைய கணவரின் பெயர் தர்மலிங்கம். ரமணன் அவர்களுடைய மகன், உன்னுடைய அண்ணன்.

அம்மா